காரணம் தேடிய வீடு

2025 ஜூலை 12, சனி. சிட்னி

மருந்துக் கடையின் இரும்புப் பெட்டகத்தில் இன்றும் இடமில்லை. ஒரு காலத்தில் மோர்ஃபினும் ஒக்ஸிகோடோனும் மட்டும் இருந்த பெட்டகம். இப்போது பாதிக்கு மேல் கஞ்சாப் பூ அடைத்த டப்பாக்கள். டி.எச்.சி. என்ற போதைச் சத்து குறிப்பிடத்தக்க அளவு உள்ள எதுவும் சட்டப்படி எட்டாம் அட்டவணை மருந்து. வந்ததையும் போனதையும் பதிவேட்டில் ஏற்றிக் கையெழுத்து வைக்கவேண்டும். பிற்பகல் முழுக்க அந்த வேலைதான்.

2016 நவம்பரில் மருத்துவக் கஞ்சாவுக்கு அவுஸ்திரேலியா வழிவிட்டபோது புற்றுநோய்க்காரரின் வாந்தி, குழந்தைகளின் வலிப்பு என்றுதான் பேச்சு இருந்தது. எங்கள் கடைக்கு வரும் சீட்டுகளில் இப்போது அதிகம் தென்படுவது தூக்கமின்மையும் பதற்றமும். வருகிறவர்களும் இளசுகள். சீட்டு எழுதிய டொக்டரை நேரில் கண்டவர்கள் குறைவு. எல்லாம் ரெலிபோனில் முடிந்துவிடுகிறது. மருத்துவர்களைக் கண்காணிக்கும் ஆஃப்ரா என்ற அமைப்பு இந்த மாதம் விட்ட எச்சரிக்கையைக் கடையில் எல்லோரும் வாசித்தோம். எட்டுப் பேர் ஆறு மாதத்தில் ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சீட்டு எழுதியிருக்கிறார்களாம். அவர்களில் ஒருவர் பதினேழாயிரத்துக்கு மேல். ஞாயிறு, பண்டிகை எதுவும் பாராமல் எழுதியிருந்தாலும் நாளுக்குத் தொண்ணூறு தாண்டும்.

முன்பு சைக்கோசிஸ் (நிஜம் எது, நினைப்பு எது என்று பிரியாத மனநிலை) வந்தவர்களுக்கு டி.எச்.சி. பொதுவாக ஏற்றதல்ல என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. ஆனால் முன்பு வந்திருக்கிறதா என்ற கேள்வியை, "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது" என்ற அடுத்த கேள்வியையும் சேர்த்து, நிதானமாகக் கேட்க நேரம் வேண்டுமே.

கடை பூட்டும் நேரம் மெல்பேர்ணிலிருந்து அக்காவின் அழைப்பு, மகனைப் பற்றி. "அவன் மூண்டு நாளாக் கண் மூடேல்லையடி. குப்பை லொறி வாற நேரத்தையெல்லாம் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறான். தன்னைப் பார்க்கத்தான் வருகுதாம்."

ஜூலை 13, ஞாயிறு. மெல்பேர்ண்

காலை விமானத்தில் வந்து சேர்ந்தேன். பெறாமகன் வாசலுக்கு வந்து, "சித்தி, உங்கட ஃபோனை வெளியில வைச்சிட்டு வாங்கோ" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். வைத்துவிட்டுப் போனேன்.

இருபது வயது. பொறியியல் இரண்டாம் ஆண்டு. ஜூன் சோதனைகளில் இரண்டுக்கு அவன் போகவே இல்லை என்பது இன்றுதான் வெளியே வந்தது. பேச்சில் ஒரு வசனத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பாலம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் நினைப்புகளை வாசிக்கிறார் என்கிறான். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்தது பயம். கிறக்கமாகத் திரிகிற பெடியனின் முகமல்ல அது.

கட்டிலுக்குக் கீழே அத்தான் கண்டெடுத்ததை மேசையில் பரப்பி வைத்திருந்தார், பொலிஸ் சாட்சிப் பொருள் போல: பானப் போத்தலில் தோட்டக் குழாய்த் துண்டைச் செருகிச் செய்த 'பொங்', புகையிலை, ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் பூ. பதினொராம் வகுப்பிலிருந்து இழுக்கிறானாம். கடந்த ஒரு வருடமாக ஒவ்வொரு நாளும்.

"உந்தக் கஞ்சாவை நிப்பாட்டினா எல்லாம் சரியாகும். நீர் மருந்துக்காரி, நீரே சொல்லும்" என்றார் அத்தான். அக்காவுக்கு வேறு நினைப்பு: யாரோ செய்வினை செய்துவிட்டார்கள். புது வீடு வாங்கியபோது கண் பட்டவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். நிறுத்தினேன்.

ஜூலை 14, திங்கள்

அவசர சிகிச்சைப் பிரிவு. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. காலையில் போய் இருட்டிய பிறகு வெளியே வந்தோம். சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சா இருந்தது, ஐஸ் என்ற போதைப்பொருள் இல்லை. நாளாந்தம் இழுப்பவனின் சிறுநீரில், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் கஞ்சா தெரியும் என்பதால் அந்த முடிவு ஒன்றையும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை. ஆனால் அதைக் கண்டதும் எங்களைப் பார்த்த இளம் டொக்டரின் முகம் தெளிந்துவிட்டது. போதையால் வந்தது, நிறுத்தச் சொல்லுங்கள், குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். தூக்கத்துக்கு நாலு மாத்திரை.

காரில் அத்தான் வெற்றி பெற்றவர் போல வந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஜூலை 16, புதன்

கஞ்சாவைத் திடீரென்று நிறுத்தியதன் வேலையும் சேர்ந்துகொண்டது: எரிச்சல், வியர்வை, சாப்பாட்டில் வெறுப்பு, இருக்கிற கொஞ்சத் தூக்கமும் போனது. முதல் வாரத்தில் இது உச்சத்துக்குப் போகும். இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். எது நிறுத்தியதால் வந்தது, எது நோய் என்று வீட்டில் இருப்பவர்களுக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. எனக்கும் முடியவில்லை.

இரவு குசினியில் மாமி, அத்தானின் அம்மா, தேத்தண்ணி போட்டுத் தந்தபடி மெல்லச் சொன்னார். "எங்கட சின்னவனும் இப்பிடித்தான் பிள்ளை தொடங்கினவன்."

எனக்குத் தெரிந்த கதையில் அத்தானின் தம்பி ஜேர்மனிக்குப் போய்த் தொடர்பு விட்டுப்போனவர். உண்மை வேறு. 1982இல் கொழும்பில் கிளாக்கராக இருந்தபோது, கந்தோரில் எல்லோரும் தன்னைப் பற்றித்தான் சிங்களத்தில் கதைக்கிறார்கள் என்று தொடங்கியிருக்கிறது. அப்போதைய கொழும்பில் அப்படி நினைக்கக் காரணமும் இருந்தபடியால் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு அங்கொடை மனநல ஆஸ்பத்திரி. பிறகு ஊரில் பின்னறை. "ஜேர்மனிக்குப் போயிட்டான் எண்டு ஊருக்குச் சொன்னம். கஞ்சா ஒண்டும் அவன் தொட்டதில்லை. வெத்திலை கூடப் போடமாட்டான்."

நாற்பது வருடமாகப் பூட்டி வைத்த செய்தி. அவசரப் பிரிவில் படிவம் நிரப்பும்போது குடும்பத்தில் மனநோய் உண்டா என்று கேட்டார்கள். அத்தான் இல்லை என்று எழுதினார். அவர் எழுதியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஜூலை 17, வியாழன்

தூக்கமில்லை. மடிக்கணினியில் வாசித்ததை எழுதி வைக்கிறேன். நாளை அத்தானுடன் வாதாட உதவும்.

கஞ்சா மனநோயைக் கொண்டுவருமா என்ற இன்றைய விவாதத்தின் தொடக்கப் புள்ளி ஸ்வீடன். கட்டாய இராணுவ சேவைக்கு வந்த 45,000க்கு மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து வருடம் பின்தொடர்ந்து 1987இல் வெளியிட்டார்கள். சேவைக்கு வருமுன்பே ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா இழுத்தவர்களுக்கு மனச்சிதைவு (சைக்கோசிஸ் நீடித்து நிற்கும் நோய்) வந்த வீதம், இழுக்காதவர்களைப் போல ஆறு மடங்கு. ஆறு மடங்கு என்றதும் பயந்துவிடக்கூடாது. நூற்றில் ஒருவருக்கும் குறைவாக வரும் நோய் இது. ஆறால் பெருக்கினாலும் இழுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு வரவில்லை. அத்தானின் கூட்டாளிகளில் கஞ்சா குடித்தவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள் என்றால் அதில் ஆச்சரியம் இல்லை.

சிட்னியிலிருந்தே எதிர்க்கேள்வியும் வந்தது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையத்தின் லூயிசா டெகன்ஹார்ட்டும் அவருடன் வெய்ன் ஹோல், மைக்கல் லின்ஸ்கி ஆகியோரும் 2003இல் கேட்டார்கள்: முப்பது வருடத்தில் அவுஸ்திரேலியாவில் கஞ்சாப் பாவனை மளமளவென்று ஏறியது, கஞ்சாதான் மனச்சிதைவை உண்டாக்குகிறது என்றால் நோயாளர் தொகையும் ஏறியிருக்க வேண்டாமா? அப்படி ஏறியதாக அவர்கள் காணவில்லை. இல்லாத இடத்தில் நோயைப் புதிதாக உண்டாக்குவதைவிட, வரக்கூடியவர்களிடம் அதைத் தட்டி எழுப்புகிறது, வந்தவர்களில் மோசமாக்குகிறது என்பது அவர்கள் கணக்குக்குப் பொருந்தியது.

இதைவிட என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது மத்தியூ லார்ஜ் குழுவினர் 2011இல் வெளியிட்டது. அவரும் சிட்னிக்காரர், ரான்ட்விக்கில் மனநல மருத்துவர். எண்பத்துமூன்று ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சைக்கோசிஸ் வந்தவர்களில், கஞ்சா பாவித்தவர்களுக்கு அது சராசரியாக 2.7 வருடம் முந்தி வந்திருக்கிறது. மதுவுக்கு அப்படி ஒரு தொடர்பு இல்லை. கஞ்சா இல்லாவிட்டாலும் சிலருக்கு நோய் வந்திருக்கலாம். ஆனால் இருபத்திரண்டிலோ இருபத்துமூன்றிலோ வந்திருக்கும். இருபதில் விழுகிறவனுக்கும் இருபத்துமூன்றில் விழுகிறவனுக்கும் இடையில் ஒரு பட்டம் இருக்கிறது, முதல் வேலை இருக்கிறது, தனியாக வாழப் பழகிய அனுபவம் இருக்கிறது. பிறகு எழும்பி வரும்போது பிடித்துக்கொள்ள அவை வேண்டும்.

மறுபக்கத்தையும் எழுதிவிடுகிறேன். 2014இல் அவுஸ்திரேலிய இரட்டையர் பதிவேட்டைச் சேர்ந்த 2,082 பேரின் மரபணுக்களைப் பார்த்தபோது, மனச்சிதைவுக்கான மரபணுச் சுமை கூடியவர்கள் கஞ்சாவை நாடுவதும் கூடுதலாக இருந்தது. வாசல் இரு பக்கமும் திறக்கிறது. அதனால் முழுப் பழியையும் பூவின் மேல் போட முடியாது.

ஆனால் பூவும் மாறிவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் பொலிஸார் கைப்பற்றிய கஞ்சாவைச் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் டி.எச்.சி. சராசரியாகப் பதினைந்து சதவீதத்தைத் தொட்டது. அதன் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும் என்று கருதப்படும் சி.பி.டி. என்ற சத்து பெரும்பாலான மாதிரிகளில் 0.1 சதவீதம்கூட இல்லை. எங்கள் பெட்டகத்தில் இருபத்தைந்து சதவீதம் என்று அச்சடித்த டப்பாவும் இருக்கிறது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினொரு இடங்களில் மார்தா டி ஃபோர்ட்டி குழு பார்த்தது 2019இல் வந்தது: பத்துச் சதவீதமும் அதற்கு மேலும் டி.எச்.சி. உள்ளதை நாளாந்தம் இழுப்பவர்களுக்கு, ஒருபோதும் இழுக்காதவர்களைவிடச் சைக்கோசிஸ் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. எங்கள் பெடியன் சரியாக அந்தக் கட்டத்துக்குள்.

ஜூலை 18, வெள்ளி

வாதாடினேன். அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பியின் பெயர் வந்ததும் எழும்பி வெளியே போய்விட்டார்.

ஜூலை 19, சனி

பின்னிரவு இரண்டு மணி. அவன் வெறுங்காலுடன் வீதியில் குப்பைத் தொட்டிகளைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான், மூன்று பாகைக் குளிரில். அக்கா பின்னால் போர்வையுடன். நான் 000க்கு அடித்தேன். அம்புலன்ஸும் பொலிஸும் வந்தன. ஒரு பொம்பிளைப் பொலிஸ் அரை மணித்தியாலம் அவனோடு குப்பை லொறியைப் பற்றிப் பொறுமையாகக் கதைத்து ஏற்றினாள்.

இந்த முறை படிவத்தில் அத்தான் தன் தம்பியின் பெயரை எழுதினார். அவனைக் கட்டாய மதிப்பீட்டு ஆணையில் வார்ட்டில் எடுத்தார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

சைக்கோசிஸுக்கான ஒலன்ஸபீன் மருந்தைத் தொடங்கியிருக்கிறார்கள். பதினொரு மணித்தியாலம் தூங்கினானாம். அக்கா அதைக் கேட்டே அழுதாள்.

மருந்துக்காரியாக ஒன்றை வார்ட் தாதியிடம் கேட்டு வைத்தேன். புகைப்பதால் ஈரலில் ஒரு நொதி தூண்டப்பட்டு ஒலன்ஸபீன் வேகமாகக் கரையும். பெடியன் கஞ்சாவுடன் புகையிலையும் கலந்து இழுத்தவன். வார்ட்டில் புகைக்க முடியாது, அதனால் அதே அளவு மருந்து இரத்தத்தில் கூடுதலாக நிற்கும். வீட்டுக்கு வந்து திரும்பத் தொடங்கினால் குறைந்துபோகும். க்ளோஸபீன் என்ற இன்னொரு மருந்தில் இது இன்னும் கடுமை. "மருந்து வேலை செய்யேல்லை" என்று கடையில் வந்து சொல்லும் தாய்மாரில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்கள்?

பெரிய டொக்டர் குடும்பத்தை இருத்திப் பேசினார். அத்தான் திரும்பவும் அதையே கேட்டார்: கஞ்சாவால் வந்ததுதானே, நிறுத்தினால் போய்விடும்தானே? டொக்டர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் வாசித்ததைத்தான் அவரும் சொன்னார். சிட்னியில் பெஞ்சமின் மரியும் மத்தியூ லார்ஜும் வேறு சிலரும் 2020இல் தொகுத்த கணக்கு: போதையால் வந்த சைக்கோசிஸ் என்று முதலில் எழுதப்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்குப் பின்னாளில் மனச்சிதைவு என்று முடிவானது. கஞ்சாவால் வந்தது என்று எழுதப்பட்டவர்களில் 34 சதவீதம். ஐஸ் வகையான ஆம்பெட்டமினைவிட (22) கஞ்சாவுக்குக் கூட! மூன்றில் இருவர் தப்பிவிடுகிறார்கள் என்றும் இதை வாசிக்கலாம். ஆனால் எந்த இருவர் என்று முதல் மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எல்லோரையும் தொடர்ந்து பார்க்கவேண்டும்.

போன வாரம் திங்கட்கிழமை எங்களை வீட்டுக்கு அனுப்பிய 'போதையால் வந்தது' என்ற அந்த ஒரு வசனம் எவ்வளவு ஆபத்தானது என்று அத்தானின் முகத்தில் இப்போதுதான் தெரிந்தது. வைத்தியம் இல்லாமல் நோய் நீளும் ஒவ்வொரு மாதமும் பிறகு கிடைக்கும் பலனைக் குறைக்கிறது. இதை உலகத்துக்கு உரக்கச் சொன்ன இடங்களில் ஒன்று இதே மெல்பேர்ண். பட்ரிக் மெக்கொரி 1992இல் இங்கே 'எப்பிக்' என்ற ஆரம்பகாலச் சைக்கோசிஸ் நிலையத்தைத் தொடங்கினார். பல வருடம் நோயில் கிடந்து தேய்ந்தவர்களோடு பதினெட்டு வயதுப் பிள்ளைகளை ஒரே வார்ட்டில் போடக்கூடாது என்பது அவருடைய சண்டை. 2010இல் அவரை ஆண்டின் சிறந்த அவுஸ்திரேலியர் ஆக்கினார்கள். அந்தச் சண்டை நடந்த நகரத்தில், முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகும், நாலு தூக்க மாத்திரையோடு ஒருவனை வீட்டுக்கு அனுப்ப முடிகிறது.

ஜூலை 27, ஞாயிறு

அக்காவுக்காகக் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போனோம். செய்தி எங்களுக்கு முந்திப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவர், ஊரிலும் இப்போது வள்ளத்தில் வரும் கேரள கஞ்சாதான் பெடியளைக் கெடுக்குது என்றார். இன்னொருவர் தாடியைத் தடவிக்கொண்டு, அது சிவனுடைய மூலிகை, சாமிமார் எல்லாம் குடிக்கிறதுதானே என்றார். இரண்டு பேரும் பெடியன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை.

இந்தச் சண்டையும் பழையதுதான். பிரிட்டிஷ் இந்தியாவில் பைத்திய ஆஸ்பத்திரிகள் கஞ்சாக்காரரால் நிரம்புகின்றன என்று கூச்சல் எழுந்தபோது 1893இல் ஒரு ஆணைக்குழு போட்டார்கள். 1892இல் கஞ்சாவால் வந்தது என்று பதிவான 222 பேரையும் ஒவ்வொருவராக விசாரித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்தக் காரணம் நிற்கவில்லை. பொலிஸ்காரர் கொண்டுவந்து விடும்போது காரணம் என்ற கட்டத்தில் எதையாவது எழுதவேண்டும். கஞ்சா என்று எழுதுவது சுலபம். அதே ஆணைக்குழு மிச்சப் பேரில் கஞ்சாவுக்குப் பங்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டது என்பதையும் தாடிக்காரருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிரசாதம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அரசாங்கங்களுக்கும் இதைப் பற்றிப் பிள்ளைகளோடு பேச வரவில்லை. 2015 டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸ் அரசு, கஞ்சா இழுத்தவன் ஒரு பெரிய சோம்பேறி விலங்காக மாறி உப்பை எடுத்துத் தர முடியாமல் முனகும் விளம்பரம் போட்டது. நாடே சிரித்தது. என் பிள்ளைகள் அப்போது பள்ளிக்கூடம். வாரக்கணக்கில் சாப்பாட்டு மேசையில் உப்புக் கேட்டு முனகினார்கள். சைக்கோசிஸ் என்ற சொல் அந்த விளம்பரங்களில் எங்கும் கேட்டதாக நினைவில்லை.

அக்காவுக்கு வாசிக்க ஆன் டெவசனின் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தேன். பெயர் பெற்ற பத்திரிகையாளர். மனச்சிதைவு வந்த மகன் ஜொனதனைப் பற்றி 1991இல் எழுதியது. அப்படி ஒரு பெண்ணே வெளிப்படையாக எழுதியிருக்கிறாள் என்பதே அக்காவுக்கு இப்போதைக்கு மருந்து.

ஓகஸ்ட் 2, சனி

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். குப்பை லொறி இன்னும் வருகிறது, ஆனால் "அது என்னைப் பார்க்க வருகுதெண்டு நூறு வீதம் சொல்லேலாது சித்தி" என்கிறான். நூறு வீதம் இல்லை என்பது பெரிய முன்னேற்றம். கஞ்சாவை நிறுத்தினால் நோய் திரும்ப வரும் வாய்ப்புக் குறையும், தொடர்ந்தால் கூடும் என்று அவனுக்கே நேராகச் சொன்னார்கள். பசி அகோரம், ஒலன்ஸபீனின் வேலை. சோற்றைக் குறைத்து நடக்க விடச் சொல்லி அக்காவுக்குச் சொன்னேன். அவள் கேட்கப்போவதில்லை.

ஓகஸ்ட் 9, சனி. சிட்னி

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் செய்தி மடலுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி நெடுநாளாகக் கேட்கிறார்கள். அக்காவிடமும், அதைவிட முக்கியமாக அவனிடமும் கேட்டு, சம்மதம் வாங்கி, இன்றிரவு இதை அனுப்பினேன்:

பெற்றோரே, உங்கள் பிள்ளை தூக்கம் இழந்து, கூட்டாளிகளை விட்டு ஒதுங்கி, யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினால், கஞ்சா பாவிக்கிறானா இல்லையா என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பாவித்தாலும் வைத்தியம் வேண்டும், பாவிக்காவிட்டாலும் வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 1800 011 511 என்ற மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். பன்னிரண்டு முதல் இருபத்தைந்து வயதுக்காரர் ஹெட்ஸ்பேஸ் நிலையங்களுக்குப் போகலாம். ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450க்கு எடுத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 000. ஒருமுறை வீட்டுக்கு அனுப்பினால் இரண்டாம் முறை போங்கள். ஊரில் ஒரு சித்தப்பாவோ மாமியோ பின்னறையில் இருந்திருந்தால், அதை இன்றே உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். டொக்டர் கேட்கும் படிவத்திலும் எழுதுங்கள்.